வாசலில் ஒரு மஞ்சள் கோடு

வீட்டில் இருக்கும் மனைவி நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று கணவனுக்குத் தெரியாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது. நான் தெரிந்துகொள்ளக் கிளம்பியவன். அதன் அடையாளம் எங்கள் வீட்டு வாசலில் இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. ஆள் நடக்க ஒரு கோடு, தள்ளுவண்டி நிற்க ஒரு கோடு, குப்பைத்தொட்டிக்குக்கூட ஒரு கட்டம். கோட்டைத் தாண்டி ஒருவன் நின்றால் அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய விரயம் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் வகுப்பே எடுப்பேன். (அவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதுவும் விரயம்தான்.)

போன வருஷம் மெஷின்களைப் பழுதுபார்க்கக் கம்பெனியை ஒரு வாரம் மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து என் மனைவி சுமதியின் தினசரி வேலையைக் கவனிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

காலையில் துடைப்பத்தோடு வாசலுக்குப் போனாள். பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டதெல்லாம் சட்டென்று முடிந்தது. அதற்குப் பிறகு அதே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு ரோசி அக்காவோடு பேசியதில் நான் இரண்டு டீ குடித்துவிட்டேன். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மறுபடியும் வாசல். விசிலை அங்கிருந்தே எண்ணினாள். (ஒன்றுகூடத் தப்பவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு மீன்காரம்மா வந்தால், மீன் வாங்காத நாளிலும் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மாடியில் துணி காயப்போடப் போனவள் பக்கத்து மாடிக்காரியோடு கொடிக்கு மேலே பேசினாள். சாயங்காலம் பூ வாங்க நின்றவள் வாங்கிய பூ வாடும் வரை நின்றாள்.

"இவ்ளோ நேரம் வாசல்ல இன்னா பண்ணிகினு கீற?" என்று கேட்டேன்.

"பேசிகினு கீறேன்."

"அது ஒரு வேலையா?"

"பின்ன? நீங்க கம்பெனில மீட்டிங்கு மீட்டிங்குனு உக்காந்துகினு கீறீங்களே, அது இன்னாவாம்?"

விவரமான மனிதனாக இருந்தால் அத்தோடு வாயை மூடியிருப்பான். நான் கடைக்குப் போய் மஞ்சள் டேப் வாங்கி வந்தேன். லாரி ஏறினாலும் பிய்ந்து வராது என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்தார்.

மிக்ஸிக்கு ஒரு கட்டம், துடைப்பத்துக்கு ஒரு கட்டம், கேஸ் சிலிண்டருக்கு ஒரு கட்டம். கடைசியாக வாசற்படி ஓரமாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு நீளமான கோடு. கோலம் போட, குப்பை கொட்ட, கடைக்குப் போக மட்டும்தான் இதைத் தாண்டலாம், பேசுவதற்குத் தாண்டக்கூடாது என்று விளக்கினேன்.

சுமதி கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை சார் என்றது அன்றுதான். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்ன சொல்லை அவள் மீறவே இல்லை. கோலம் போட்டதும் உள்ளே வந்துவிட்டாள். ரோசி அக்கா கூப்பிட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, "வேல கீதுக்கா" என்றாள். மீன்காரம்மா ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டார். புருஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியை வெளியே விடுவதில்லை என்று தெருவில் பேச்சு எழுந்தது எனக்குத் தெரியாது. வேலையெல்லாம் சீக்கிரம் முடிந்ததால் மிச்ச நேரத்தில் சுமதி எனக்கு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் திட்டம் ஜெயித்துவிட்டது என்றே நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தேவிக்கு மறுவீட்டு விருந்து. கல்யாணமாகி அப்போதுதான் முதல் தடவை மாப்பிள்ளையோடு வருகிறாள். அப்பா அம்மா இல்லாததால் பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது என் வீடுதான். விருந்தில் ஒரு குறை வந்தால், மாமியார் வீட்டில் காலத்துக்கும் அவள்தான் பேச்சு கேட்க வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும். மாப்பிள்ளை குமரேசன் திருவிடந்தைக்காரர், கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை. அதனால் நல்ல மீனாகப் போட்டு அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

காலையில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது.

"இன்னிக்கு டேங்க் கழுவறாங்கோ" என்று பக்கத்து மாடிக்காரி மேலேயிருந்து குரல் கொடுத்தாள். "நேத்தே தெருவே சொல்லிகினு இருந்துச்சே! சுமதிக்குத் தெரியாதா?"

தெரியாது. சுமதி கோட்டுக்கு உள்ளே இருந்தாள். நான் ஓடிப்போய்க் கேன் தண்ணீர் வாங்கி வந்தேன்.

அடுத்தது மீன். மீன்காரம்மா ஊரில் கோயில் திருவிழா, படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. அவர் இதை முந்தின நாளே வாசலில் நின்ற எல்லாரிடமும் சொல்லி, வஞ்சிரத்தை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வஞ்சிரம் அடுத்த வீட்டில் வறுபடுகிற வாசனை எங்கள் கூடத்துக்கே வந்தது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பறந்தேன். நல்ல மீனெல்லாம் தீர்ந்துவிட்டது. இறால் மட்டும் இருந்தது. பெரிய பெரிய இறால். மீனைவிட இது கௌரவம் என்று தெம்பாகத் திரும்பினேன்.

சுமதி பையைத் திறந்து பார்த்தாள். "மாப்பிள்ளைக்கு எறா ஆவுமா?"

"கடலோரத்து ஆளுக்கு எறா ஆவாதா? இன்னா பேச்சு பேசற நீ!"

"ரோசியக்காவோட அக்காவ திருவிடந்தைலதான் குடுத்துகீது. ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துட்றேன்" என்று ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

"நீ பேச ஆரம்பிச்சா விருந்து ராத்திரிக்குத்தான். உள்ள போயி உரிக்கிற வேலையப் பாரு."

காலை எடுத்து உள்ளே வைத்தாள். "சரி சார்."

எங்கள் பக்கம் மறுவீட்டில் பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளைக்குத் தன் கையால் பரிமாற வேண்டும். இலையில் வைத்ததை மாப்பிள்ளை வேண்டாம் என்று தள்ளக்கூடாது. இரண்டு பேரும் முறை தவறாமல் நடந்துகொண்டோம். குமரேசன் இறால் தொக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கொஞ்சமா வைங்க மச்சான்" என்றார். புது மாப்பிள்ளைக் கூச்சம் என்று நினைத்து இன்னும் இரண்டு கரண்டி போட்டேன்.

முதலில் கழுத்தைச் சொறிந்தார். ஃபேனைக் கூட்டி வைத்தேன். பிறகு மேலுதடு லேசாகத் தடித்தது. காரம் போலிருக்கிறது என்று தண்ணீர் கொடுத்தேன். மோர் ஊற்றப் போன நேரத்தில் அவருடைய கண்கள் இரண்டும் காணாமல் போயிருந்தன.

"அண்ணா!" என்று தேவி கத்தினாள். "இன்னாண்ணா இது, மூஞ்சி மாறிகினே போவுது!"

"ஒண்ணும் இல்ல மத்தான்" என்றார் மாப்பிள்ளை. உதடு ஒத்துழைக்கவில்லை.

கையில் மோர்ச் சொம்போடு நின்றேன். தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்து, அவள் புருஷனுக்கு என் கையாலேயே இப்படிச் செய்துவிட்டேனே என்று தேவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுமதி கோட்டை ஒரே தாவாகத் தாவினாள். "ரோசியக்கா! ஆட்டோ!"

ரோசி அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வண்டியை எடுப்பதற்குள் அக்கா வந்து எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எறாவா குடுத்த தம்பி? இந்தப் புள்ளைக்கு சின்ன வயசுலருந்தே அது ஆவாதே! எங்க அக்கா வூட்டுத் தெருதான. ஊருக்கே தெரியும்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அதே நேரத்தில் தேவியின் மாமியார் வீடியோ காலில் வந்தார். தேவி சட்டென்று போனை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"அவரு சாப்ட்டுத் தூங்கறாரு அத்த. அண்ணங்கிட்ட பேசுங்க."

நான் பல்லைக் காட்டினேன்.

"இன்னாப்பா, பின்னால பச்சையா கர்ட்டன் தொங்குது?"

"வூட்டுக்குப் புதுசா மாட்டிகீறேம்மா."

சாயங்காலம் வீக்கம் வடிந்து வீடு திரும்பினோம். தெரு வேறு மாதிரி இருந்தது. வாசலில் வரிசையாகத் தண்ணீர்க் குடங்கள், உள்ளே மூடி வைத்த தட்டில் அடுத்த வீட்டு வஞ்சிர வறுவல். மாப்பிள்ளை ரசம் சோற்றோடு அதைச் சாப்பிட்டார். "வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கணும்" என்று பழியையும் தானே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலைக்குள் விஷயம் திருவிடந்தை முழுக்கப் பரவிவிட்டது. ரோசி அக்காவின் அக்கா வீட்டு வாசலில் கோடு கிடையாதல்லவா? தேவியின் மாமியார் மறுபடி போன் செய்தார். நல்ல வேளையாகச் சிரித்தார். பேசியது சுமதியிடம் மட்டும்தான். என்னைப் பற்றிக் கர்ட்டன் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

டேப்பைப் பிய்க்க நானும் பிளேடு, மண்ணெண்ணெய் என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் யோக்கியமான மனிதர், அது வரவே இல்லை. குமரேசன் எப்போது வந்தாலும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே செருப்போடு நின்று, "சூப்பர்வைசர் சார், தாண்டலாமா?" என்று கேட்பார். "கரண்டி என் கைலதான் கீது, தைரியமா வாங்கண்ணா" என்று சுமதி சமையலறையிலிருந்து பதில் சொல்லுவாள். தேவி சிரித்து முடிக்கும் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அந்த விரயத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

இந்த வருஷமும் கம்பெனியை மூடினார்கள். முதல் நாள் காலை சுமதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டாள்.

"வந்து உக்காருங்க சார். மீட்டிங்கு ஆரம்பிச்சிட்டாங்கோ."

போய் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை டேங்க் கழுவுகிறார்கள்.