பொட்டு வைத்த ஸ்ரியறிங்

ஒரு நட்டை இறுக்குவதற்குப் பஞ்சாங்கம் பார்த்தவன் நான். இதை எழுத்தில்தான் ஒப்புக்கொள்ள முடியும். வாயால் சொன்னால் எங்கள் வீட்டில் கிண்ணம், கரண்டி எல்லாம் சிரிக்கும்.

அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. அந்த வயதில் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும்: எதையும் கழற்றிப் பார்த்தால் விளங்கிவிடும் என்ற வியாதி. (திரும்பப் பூட்டத் தெரியாது என்பது பிறகுதான் விளங்கும்.) எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில்தான் மாமாவின் கார் என் கையில் அகப்பட்டது.

மாமா என்றால் மனைவி சுகந்தியின் தகப்பனார். உரும்பிராயில் அவரிடம் ஒரு பழைய ஏ ஃபோட்டி கார் இருந்தது. ஆமை முதுகு, தவளைக் கண். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் குடித்தே ஊரைச் சுமந்த சீவன். பெற்றோல் தாராளமாய்க் கிடைத்த பிறகு, வசதி வந்த சொந்தக்காரரைப் போல, ஒவ்வொரு சந்தியிலும் நின்று செருமத் தொடங்கியிருந்தது. அதன் ஸ்ரியறிங் வளையம் வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகியிருந்தது. பிடித்த கையைக் கீறாமல் விடாது.

அந்தக் காரில்தான் சுகந்தியின் தங்கை வதனிக்கு மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும் என்பது மாமாவின் ஒரே ஆசை. மாப்பிள்ளை ரமணன் அளவெட்டிக்காரன், நோர்வேயிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்திருந்தான். ஞாயிறு காலை ஒன்பது ஐம்பதிலிருந்து பத்து ஐம்பது வரை முகூர்த்தம். அதைவிட்டால் அவன் திரும்பிப் பறப்பதற்குள் வேறு நாள் இல்லை. சாத்திரியார் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆகவே பத்து ஐம்பதுக்குள் மாப்பிள்ளை மணவறையில் இருக்கவேண்டும். இருக்க வைக்கும் பொறுப்பு, கெட்ட காலம், என்னுடையது.

கொழும்பில் பழைய கார்களை உடைத்து விற்கும் ஒருவரிடம் அதே வகைக் காரின் ஸ்ரியறிங் ஒன்றைப் பிடித்தேன். அது றெயினில் சுன்னாகம் வந்து இறங்கியது. கடதாசியைப் பிரித்து, மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வீடு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் என் திறமையை வியந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வியக்கவில்லை என்பதைப் பிறகு நாலைந்து பேர் தேடிவந்து சொன்னார்கள்.

பழைய ஸ்ரியறிங்கைக் கழற்ற, குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் மனுவல் அண்ணையை மாமா கூப்பிட்டிருந்தார். அவர் வியாழன் பின்னேரம் வந்து ஒரு சத்தமும் இல்லாமல் உருவி எடுத்துவிட்டு, புதியதைக் காலையில் வந்து பூட்டித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒரு வளையம், ஒரு நட்டு. இதற்கு ஒரு மனிதன் குருநகரிலிருந்து வரவேண்டுமா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெரிய ஸ்பானர் ஒன்றை ஆசனத்தில் வைத்தார்.

“முன்சில்லு ரெண்டையும் நேராக்கிப்போட்டுப் பூட்டும் தம்பி. பிறகு உந்த ஸ்பானராலை இறுக்கும். இனி ஏலாதெண்டு கை சொன்னாப் பிறகும் ஒருக்கா இறுக்கும்.”

இரண்டே இரண்டு புத்திமதி. இரண்டையும் தவறவிடுவதற்கு ஒரு தனிப் படிப்பு வேண்டும். நான் பட்டதாரி.

வெள்ளி காலை, புதிய ஸ்ரியறிங்கைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் தண்ணீர் மோட்டர்கூட அர்ச்சனை செய்யாமல் இறைக்காது. ஐயர் நடுவில் திருநீற்றைப் பூசி, வளையத்தின் உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அன்று பார்த்துக் கோயிலில் சனம். வீடு வந்து சேர மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலம்.

கார் கொட்டிலுக்குள் நின்றது. கிணற்றடியைச் சுற்றி வளைத்துப் பின்பக்கமாய் விட்ட கார். முன்சில்லுகள் இரண்டும் இடப்பக்கம் முறுகிக் கிடந்தன. அவற்றை நேராக்கக் காரை உருட்டவேண்டும், உருட்ட ஆள் வேண்டும், ஆள் கூப்பிட நேரம் வேண்டும். நான் சில்லுகளைப் பார்க்கவில்லை, பொட்டைப் பார்த்தேன். பொட்டு உச்சியில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். தண்டில் ஸ்ரியறிங்கை வைத்து அமுக்கி, நட்டைக் கையால் திருகி, ஹோர்ண் மூடியை மேலே பொருத்தியபோது பத்து இருபத்தொன்பது. வென்றுவிட்டேன். விண்வெளிக்குப் போய் வந்தவன்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டான்.

மாமா ஸ்பானரைக் காட்டி, இறுக்கவில்லையா என்று கேட்டார். ராகு காலத்தில் இறுக்கினால் தோஷமும் சேர்ந்து இறுகிவிடும் என்று விளக்கினேன். (அந்த வசனம் அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.) பன்னிரண்டு மணிக்குப் பிறகு இறுக்குவதாக முடிவு. பன்னிரண்டு மணிக்கு வாழைக்குலை வந்தது, பந்தல்காரர் வந்தார், சாப்பாடு வந்தது. நட்டின் நினைவு மட்டும் வரவில்லை.

சனி காலை காரை வெளியே எடுத்தபோதுதான் பொட்டின் மகிமை தெரிந்தது. பொட்டை உச்சியில் வைத்தால் கார் நேரே வேலிக்குள் போனது. பொட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டால்தான் றோட்டில் நேராய்ப் போனது. கழற்றித் திரும்பப் பூட்டலாமே என்றாள் சுகந்தி. நல்ல நேரத்தில் பூட்டியதைக் கழற்றுவது தாலியைக் கழற்றுவது மாதிரி என்று அதட்டினேன். அவள் பொட்டையும் வேலியையும் மாறி மாறிக் காட்டினாள்.

“உங்களுக்குப் பொட்டு நேராய் நிண்டாக் காணும். கார் எங்கை போனா என்ன.”

அவசரத்தில் ஹோர்ண் வயரை எங்கேயோ நசித்திருந்தேன் போலும். இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் கார் தானாகவே கத்தியது. ஞாயிறு காலை அளவெட்டியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நாதஸ்வரம் நடந்துகொண்டிருக்க, நான் இடப்பக்கம் வளைத்து உள்ளே நுழைந்தேன். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காரை உற்றுப் பார்த்தார். “உது கட்டை குறைஞ்ச சுருதி, தம்பி,” என்றார். நாதஸ்வரத்துக்குப் பேர்போன அந்த ஊரில் அதைவிடக் கேவலமான வசை கிடையாது.

ரமணன் தலைப்பாகையோடு பின் ஆசனத்தில் ஏறினான். அவனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன். பின்னால் இரண்டு வான்களில் சுற்றத்தார். அப்போதே ஹோர்ண் மூடிக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. பழைய கார், பேசும் என்று சொன்னேன். நட்டுத்தான் கழன்று உள்ளே உலாத்துகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒரு உறுப்பு வேண்டுமே.

பத்து இருபதுக்குச் சுன்னாகம் சந்தையடி. வெங்காய மூட்டைகள் றோட்டின் பாதியை விழுங்கியிருந்தன. கார் மாட்டைவிட மெல்ல நகர்ந்தது, அது நாங்கள் செய்த புண்ணியம். முன்னால் என்ன தடை என்று பார்க்க ஸ்ரியறிங்கைப் பிடித்து எம்பினேன். ஸ்ரியறிங்கும் என்னோடு எம்பியது. கையில் ஒரு முழு வட்டம், முன்னால் ஒரு மொட்டைத் தண்டு. பிறேக்கைத் தேடிய அந்தரத்தில் இரண்டு கையும் வேண்டும்போலிருந்தது. திரும்பி அதை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவன் தாம்பூலத் தட்டை வாங்குவதுபோல் மரியாதையாய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கார் ஒரு வெங்காய மூட்டையில் மூக்கை வைத்து நின்றது. ஹோர்ண் மட்டும் நிற்கவில்லை. விடாமல், மூச்செடுக்காமல், ஒப்பாரி.

காருக்கும் மூட்டைகளுக்கும் இடையில் றோட்டு அடைபட்டது. பின்னால் வந்த வான்களும் ஓட்டோக்களும் ஒன்றும் அசைய முடியவில்லை. நான் காரின் கீழே படுத்து நட்டைத் தேடினேன். பட்டு வேட்டி கிறீஸில் புரண்டது. தேடியது நட்டையல்ல, தலையை ஒளிக்க ஒரு இடத்தை. ஜன்னலால் ரமணனின் குரல் வந்தது, ஒரு பதற்றமும் இல்லாமல்.

“அண்ணை, பத்து இருபத்தைஞ்சு. நான் நடக்கட்டோ?”

முன்னால் ஒரு லாண்ட்மாஸ்ரர் நின்றது. வெங்காயம் இறக்கி வெறும் இழுவைப் பெட்டியோடு புறப்பட இருந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதன் கமக்காரர் தலைப்பாகையைக் கண்டார், என் வேட்டியைக் கண்டார். உடனே பெட்டியைக் காட்டினார்.

“உரும்பிராய்க்குத்தான் போறன். மாப்பிள்ளையை ஏத்துங்கோ. நீர் பின்னாலை பிடிச்சுக்கொண்டு நில்லும்.”

உடல் முழுதும் அதிர, வெங்காயச் சருகு பறக்க, மருதனார்மடத்தால் திரும்பி அந்த இயந்திரம் எங்களைக் குலுக்கிக்கொண்டு போனது. தோழன் தலைப்பாகையைப் பிடித்திருந்தான். நான் பெட்டியைப் பிடித்திருந்தேன். ரமணன் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தான். யாரும் அதை வாங்கவில்லை, கீழே வை என்று யாரும் சொல்லவுமில்லை. மண்டப வாசலில் நாங்கள் இறங்க மணி பத்து நாற்பத்திரண்டு. ஆரத்தி சுழன்றது, வீடியோக்காரர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். பத்து நாற்பத்தொன்பதுக்குத் தாலி ஏறியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கண்டார். அந்த நாளும் அடுத்த மூன்று மாதமும் என்னோடு கதைக்கவில்லை.

காரை எடுத்து வந்தவர் மனுவல் அண்ணைதான். அதே ஸ்பானரால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் நேராக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“நாங்களும் படகிலை மாதா படம் ஒட்டுறனாங்கள் தம்பி. நட்டை இறுக்கிப்போட்டு ஒட்டுறனாங்கள்.”

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இன்று தலை நிமிர்ந்து நடப்பேன். கலியாண வீடியோ கனடா போனது. கிறீஸ் வேட்டியோடு ஒருவன் பின்னால் நிற்க, மாப்பிள்ளை உழவு இயந்திரத்திலிருந்து ஸ்ரியறிங்கோடு இறங்கும் காட்சியை அங்கே சொந்தம் முழுவதும் பார்த்தது. ஊரை விட்டு நெடுங்காலமானவர்கள். இது உரும்பிராய்ப் பக்கத்துப் பழைய வழக்கம், நாங்கள்தான் மறந்துவிட்டோம் என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். போன வருடம் சுகந்தியின் ஒன்றுவிட்ட தம்பிக்கு அங்கே கலியாணம். அதற்கு இரண்டு நாள் முந்தி அவனுடைய தாய் தொலைபேசி எடுத்தார். வெள்ளித் தட்டும் பட்டுத் துணியும் வாங்கியாயிற்றாம், ஸ்ரியறிங்கும் எடுத்தாயிற்றாம். மாப்பிள்ளை அதை எந்தக் கையில் பிடிப்பது முறை என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி தொலைபேசியை வாங்கிவிட்டாள்.

“எந்தக் கையெண்டாலும் காரியமில்லை, சித்தி. இவரின்ரை கையிலை மட்டும் குடுத்திடாதையுங்கோ.”