ஹேமநாத் சாரின் கைவேலை

"இன்னாம்மா இது? என் கடை சைட்டுல வெலை விசாரிக்கிறவங்களுக்கெல்லாம் எதிர்க்கடைக்காரன் பதில் போட்டுகினு இருக்கான்!"

கற்பகம் அம்மாள் செருப்பைக்கூட வாசலில் விடாமல் நேராகச் சுகன்யாவின் மேசைக்கு வந்து நின்றாள். 'கற்பகம் சில்க்ஸ்' அவள் பெயரில் நடக்கும் கடை. அதன் இணையதளம் அன்று காலையில்தான் திறக்கப்பட்டிருந்தது. சுகன்யா அதைத் தன் கணினியில் வரவழைத்தாள். மேலே கற்பகம் சில்க்ஸ் என்று பொன்னிறத்தில் இருந்தது. அடியில் முகவரி, ஃபோன், மெயில் எல்லாம் பொன்னுசாமி சில்க்ஸுடையவை.

"ஏற்கெனவே பொடவையில வாத்துக் கரைன்னு ஒண்ணு போட்டு அந்தப் பொன்னுசாமி கூட்டத்த அள்ளிகினு இருக்கான். வேலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து கேக்கறாங்க. இப்ப என் சைட்டையும் அவனுக்கே எழுதி வெச்சிட்டியா?"

"இருங்கம்மா, இப்பவே சரி பண்ணிடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆரணிப் பட்டுக் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் இணையதளம் செய்து தரும் அந்த அலுவலகம், ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருந்தது. எல்லாத் தளமும் பி.எச்.பி. என்ற கணினி மொழியில், ஒரே ஃபிரேம்வொர்க்கில். ஃபிரேம்வொர்க் என்பது வெறும் தறி மாதிரி. புடவைப் படத்துக்கு ஒரு பேக்கேஜ், மெயிலுக்கு ஒன்று, தமிழ் எழுத்துக்கு ஒன்று என்று தேடி இறக்கி, அதனதன் இடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடையின் விவரங்களை எழுத வேண்டும். கையால் செய்தால் ஒரு தளத்துக்கே இரண்டு நாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் வெள்ளை வெளேர் என்று நிற்கும்.

சுகன்யா அதற்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். கடையின் பெயரைக் கொடுத்து எண்டர் தட்டினால் போதும். பேக்கேஜுகள் தாமாக இறங்கும், தாமாக உட்காரும், விவரங்களும் எழுதப்பட்டுவிடும்.

அந்த யோசனை வீட்டிலிருந்து வந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும் அவள் அப்பா தறியை முதலிலிருந்து கோக்க மாட்டார். பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அதோடு பிணைத்து இழுத்துவிடுவார். அவள் புரோகிராமும் அப்படித்தான். கடைசியாகச் செய்த தளத்தின் விவரங்களை நுனியாக வைத்துக்கொண்டு, பழைய பெயரை எடுத்துப் புதுப் பெயரைப் பிணைக்கும். கடைசியாக அவள் செய்து பார்த்தது 'மாதிரிக் கடை' என்று ஒன்று. நுனியில் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். கற்பகம் சில்க்ஸுக்கும் அந்தப் பெயரைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தாள்; வேறு பெயர் இருந்தால் அது அப்படியே தங்கிவிடும்.

அது முதன்முதலாகப் பிசகில்லாமல் ஓடி முடிந்த மதியம் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. கறுப்புத் திரையில் வரிகள் தாமே ஓடின. மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தொடாமலே தன் வேலை நடக்கிறது. இது பயமா, பெருமையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பெருமைதான். நெசவு வீட்டில் பிறந்தவளுக்கு அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு உழைத்த புடவையிலும் கடையின் பெயர்தானே இருக்கும்? ஆகவே, புரோகிராம் முடியும் இடத்தில் நட்சத்திரக் குறிகளாலும் சாய்கோடுகளாலும் ஒரு மயில் வந்து நிற்கும்படி செய்தாள். கழுத்து மட்டும் நினைத்தபடி அமையவில்லை. இருந்தாலும் மயில் மயில்தான்.

முதலாளி ஹேமநாத்துக்கு அந்தப் புரோகிராம் என்றாலே ஆகாது.

"நம்ம கஸ்டமருங்க எல்லாம் கைத்தறிக்காரங்க சுகன்யா. அவங்ககிட்ட போயி மெஷினே செஞ்சிச்சின்னு சொல்லுவியா? பவர்லூம் சரக்குன்னு நெனச்சிப்பாங்க. கைவேலைன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குது."

போன மாதம் பொன்னுசாமி தளத்தை அவர் கண்ணாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கையாலேயே செய்து கொடுத்தார். அவளுடைய புரோகிராம் அந்தப் பக்கமே போனதில்லை. அப்புறம் எப்படி இந்தப் பெயர்?

யோசிக்கக் கற்பகம் அம்மாள் விடவில்லை. "ஜல்தியா ஆவட்டும்மா."

பொன்னுசாமியின் பெயரும் விவரங்களும் இருக்கும் இடத்திலெல்லாம் கற்பகத்துடையதை வைக்கும்படி சுகன்யா கட்டளை கொடுத்தாள். நொடியில் முடிந்தது.

பக்கத்து மேசை ஜெயக்குமார் எட்டிப் பார்த்தான். "சுகன்யா, பொன்னுசாமி கடைய வித்துட்டாரா?"

"ஏன்?"

"அவரு சைட்டுலயும் கற்பகம் சில்க்ஸ்னு வருது."

எல்லாத் தளங்களும் ஒரே சர்வரில் இருப்பதை அவசரத்தில் மறந்துவிட்டாள். கற்பகம் அம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இது நல்லாத்தான் இருக்குது. அப்டியே வுட்டுடு."

விட முடியுமா? எல்லாத் தளங்களையும் தன் புரோகிராமைக் கொண்டு முதலிலிருந்து பிணைத்தால் அததற்கு அதனதன் பெயர் வந்துவிடும் என்று நினைத்தாள். எண்டர் தட்டிய பிறகுதான், நுனியில் இப்போது இருப்பது கற்பகத்தின் பெயர் என்பது உறைத்தது. அதற்குள் ஊரிலுள்ள கடைகளெல்லாம் கற்பகம் சில்க்ஸ் ஆகியிருந்தன.

ஃபோன் அடித்தது. அரிசி ஆலை குப்புராஜ்.

"ஏம்மா, என் பொன்னி அரிசி அசல் ஜரிகை வெச்சதுன்னு போட்டிருக்குதே! கல்லு இருக்குதுன்னு போட்டாக்கூட ஒத்துப்பேன். ஜரிகைக்கு நான் எங்க போவேன்?"

அந்த நேரம் பார்த்துத்தான் ஹேமநாத் சாப்பிட்டுவிட்டுப் படியேறி வந்தார். ஜெயக்குமார் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் கோபத்தைவிடத் திருப்திதான் அதிகம் தெரிந்தது.

"பேஜார் புடிச்ச வேலை. நான் அப்பவே சொன்னேனா இல்லியா? தள்ளு. எல்லாத்தையும் கையால கட்டித் தரேன். நீ அந்தப் புரோகிராம இன்னிக்கே அழிச்சிடு. ஒரு எழுத்து மிச்சம் இருக்கக் கூடாது."

"நானும் உள்ள வந்து உக்காந்துக்கறேன்" என்றாள் கற்பகம் அம்மாள். "கையாலதான் பண்றீங்களான்னு கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

அவர் சற்றுத் தயங்கினார். "வாங்க. ஆனா திரையையே பாத்துகினு இருக்காதீங்க, கண்ணுக்கு ஆவாது."

கதவு சாத்தப்பட்டது.

சுகன்யா வெளியே உட்கார்ந்திருந்தாள். அழிப்பதற்கான கட்டளையைத் தட்டிவிட்டாள். எண்டர் மட்டும் பாக்கி. விரல் போகவில்லை. தவறு செய்தது புரோகிராம் அல்ல, நுனியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காத தான்தான் என்று ஒரு மனம் சொன்னது. பொன்னுசாமி அங்கே எப்படி வந்தார் என்று இன்னொரு மனம் விடாமல் கேட்டது. இரண்டுக்கும் அடியில், யாரும் பார்க்காமலே போகப்போகும் அந்த மயில் நின்றது.

டீ ஆறுவதற்குள் கதவு திறந்தது. ஹேமநாத் சோம்பல் முறித்தபடி வந்தார்.

ஜெயக்குமார் ஒவ்வொரு தளமாகத் திறந்தான். கற்பகம் கற்பகமாக இருந்தது. பொன்னுசாமி பொன்னுசாமியாக இருந்தார். அரிசியில் ஜரிகை இல்லை.

"சார், கையா சார் அது!" என்றான். "ஒரு சைட்டுக்கே ரெண்டு நாள் ஆவும். இத்தினி சைட்டயும் இதுக்குள்ள எப்பிடி சார்?"

"பழக்கம்தான்டா. மெஷின் மெஷின்தான், கை கைதான்." அவர் சுகன்யா பக்கம் திரும்பினார். "அழிச்சிட்டியா?"

"இதோ, சார்."

அவர் கைக்கு முன்னால் தன் மூளை எம்மாத்திரம் என்று அவள் எண்ணினாள். விரலை எண்டர் மேல் வைத்தாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட கற்பகம் அம்மாள், ஏதோ நினைவு வந்தவளாக வாசலில் நின்றாள்.

"எல்லாம் சரிங்க சார், மொதல்ல 'மாதிரிக் கடை'ன்னு ஒரு பேர மட்டும் தட்டிட்டு நீங்க கைய கட்டிகினு உக்காந்திருக்க, எழுத்தெல்லாம் தானா ஓடி முடிஞ்சி கடைசியில ஒரு வாத்து வந்து நின்னுச்சே, போன மாசம் பொன்னுசாமி சம்சாரம் இங்க உக்காந்து பாத்துட்டுப் போயி கரை போட்டது அதத்தானே? அந்த வாத்த வரைஞ்சது யாருங்க?"