வளராத குருவிக்குஞ்சுகள்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் நலம், உன் அக்கா நலமில்லை, தோட்டத்தைப் பற்றிக் கேட்காதே. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் அக்காவின் தலையணைக்கடியில் இருக்கிறது. அவளுக்கு நோவு இடுப்பில்தான், காதில் இல்லை. அடுப்படியில் நான் சர்க்கரை டப்பாவைத் திறந்தால், படுத்த இடத்திலிருந்தே "போதும், மூடுங்க" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிக் கொடுத்த கேமராவால் நான் கொலைகாரனாகிவிட்டேன்.

அவளால் எழுந்துபோய்ப் பார்க்க முடியாத செடிகளைத் தினமும் படம் எடுத்துக் காட்டி வந்தேன். ரோஜாவை எடுத்தால் ரோஜா மங்கலாகவும், பின்னால் கொடியில் காயும் என் பனியன் பளிச்சென்றும் விழும். "உங்க பனியனை நான் பாத்திருக்கேன், பூவைக் காட்டுங்க" என்பாள். இப்படி இருக்கையில் செம்பருத்தியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்தது. கூடு முழுக்கத் திறந்த வாய்கள். படத்தைப் பார்த்து உன் அக்கா சிரித்தாள், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா! ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள், "சரி, இதுங்க பறக்கட்டும். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்று வாக்குக் கொடுத்தாள். டாக்டரோ, இன்னும் தள்ளிப்போட்டால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்கிறார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் தெளிவாக எடுக்கலாமே என்று, கூட்டை மறைத்த இலைகளையெல்லாம் கத்தரியால் வெட்டிவிட்டேன். படம் என்ன அருமையாக விழுந்தது தெரியுமா, அலகில் ஒட்டியிருந்த புழுவரை தெரிந்தது. எனக்குத் தெரிவது காக்கைக்கும் தெரியும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அன்று மத்தியானமே வந்துவிட்டது. செருப்பைக் கழற்றி எறிந்தேன், அது பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் விழுந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. தாய்க்குருவி பனியன் காயும் கொடியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியது. நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

அன்றிலிருந்து பழைய படங்களையே மாற்றி மாற்றிக் காட்டுகிறேன்.

"ஏங்க, இதுங்க வளரவே இல்லையே?"

"இது கொஞ்சம் மந்தமான ஜாதி."

"நேத்து அந்தப் பக்கம் பாத்த குஞ்சு இன்னிக்கும் அப்படியே பாக்குதே?"

"கழுத்து பிடிச்சிருக்கும்."

நாக்கூசாமல் சொல்கிறேன், ஆனால் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால் மச்சான், உங்கள் பக்கம் வளர்ந்த கொண்டைக்குருவி எதுவாவது பறந்தால், அதைப் படம் எடுத்து மெமரி கார்டை உடனே அனுப்பு. குஞ்சு பறந்தாயிற்று என்று காட்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேன். மறக்காமல் பின்னால் ஒரு பனியனைக் காயப்போட்டுக்கொள். இல்லையென்றால் நான் எடுத்த படமென்று நம்ப மாட்டாள்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. இனி யாருக்கும் கேமரா பரிசளிக்காதே.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்

பின்குறிப்பு: உறையில் எழுத உன் வீட்டுக் கதவு எண் தெரியவில்லை. அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "அவனுக்கு என்ன லெட்டர்?" என்று பிடுங்கிப் படித்துவிட்டாள். திட்டவில்லை. "சர்க்கரை டப்பா சத்தம் கேக்குது, அன்னிக்கு அந்தத் தாய்க்குருவி கத்தினது எனக்குக் கேக்காதா?" என்றாள்.

"அப்புறம் எதுக்குடி தினமும் வளரலையேன்னு கேட்டே?"

"அதுங்க வளராத வரைக்கும் நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்ல. பயமா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அவளைச் சமாதானப்படுத்தப் போய் நானும் சேர்ந்து அழுதேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, போனிலேயே சொல்லலாம். ஆனால் அவள், "எழுதினதை அனுப்புங்க, தம்பியும் படிச்சுச் சிரிக்கட்டும்" என்கிறாள்.

படம் வேண்டாம் மச்சான், நீ கிளம்பி வா. எனக்கும் பயமாக இருக்கிறது.