ஒரு மணி நேரக் கம்பெனி

பதினொரு மணிக்குப் பெரிய மனிதர் வருகிறார். ஜெகதீசனின் கம்பெனியிலோ ஜெகதீசனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

கேளம்பாக்கத்தில் பல சின்னக் கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்ளும் வாடகை ஆபீஸ் அது. மேஜைக்கு ஒரு ரேட், மீட்டிங் ரூமுக்கு ஒரு ரேட், வரும் தபாலை வாங்கி வைக்கவும் ஒரு ரேட். மூச்சு விடுவதை மட்டும் இன்னும் பில்லில் சேர்க்கவில்லை. அச்சரப்பாக்கத்தில் முந்நூறு தென்னை மரங்களை வைத்துக்கொண்டு இளநீர் விற்கும் ஜெகதீசன், மனைவி துர்காதேவியின் சங்கிலியை அடகு வைத்து இங்கே ஒரு நாற்காலி பிடித்திருந்தான். ஆபீஸ் இருந்தால்தான் ஆர்டர் வரும் என்பது அவன் கட்சி. "ஆர்டர் இல்லாம வூட்டுப் பக்கம் வராத" என்பது அவள் கட்சி.

மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட் திறக்கப்போகும் பட்டாபிராமன், இளநீர் விஷயமாக ஆபீஸைப் பார்க்க வருவதாகக் காலையில் போன் செய்துவிட்டார்.

"தனியா உக்காந்துகினு இருந்தா மதிக்க மாட்டாரும்மா," என்று பக்கத்து மேஜை மேக்னாவிடம் கெஞ்சினான். அவள் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவள். "ஒரு மணி நேரம் என் அக்கவுண்டன்ட்டா இரு."

"இருக்கேன். சாயங்காலம் என் கஸ்டமர் வராங்க. அப்ப நீங்க என் மேனேஜர்."

எதிர் மேஜை இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜெபக்குமார், லாரிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு டீக்கு ஏற்றுக்கொண்டார்.

பட்டாபிராமன் வந்தார். வெளியே வெயில் கொளுத்தியும் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஏசி கார்தான் என்று ஜெகதீசனுக்கு மரியாதை கூடியது. மனிதர் வெட்டி வைத்த இளநீரை விட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தார்.

"எத்தனை மரம் இருக்கு?"

ஜெகதீசன் வாய் திறப்பதற்குள் மேக்னா முந்திக்கொண்டாள். "ரெண்டாயிரம் சார்."

"வண்டி?"

"மூணு லாரி," என்றார் ஜெபக்குமார். பாலிசி விற்றுப் பழகிய வாய், அதோடு நிற்கவில்லை. "நாலாவது புக் பண்ணியாச்சு."

உண்மையில் இருந்தது ஒரு பழைய மினி வேன். அதுவும் தள்ளினால்தான் கிளம்பும்.

"தினம் இருநூறு கேக்கலாம்னு வந்தேன்," என்றார் பட்டாபிராமன். "இவ்வளவு பெரிய கம்பெனிகிட்ட அப்படிக் கேட்டா மரியாதையா இருக்காது. ஆயிரமா அனுப்புங்க. அடுத்த வாரம் திறப்பு விழா, அன்னிக்கே முதல் லோடு."

ஜெகதீசன் தன் மரங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். அவன் தோப்புக்கு இருநூறே பெரும்பாடு. உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் சங்கிலி போகும், அதற்குப் பிறகு வீட்டில் சோறு கிடைக்காது.

"ஆயிரமெல்லாம் ஒரு மேட்டரா சார்?" என்று சிரித்தான்.

பட்டாபிராமன் கைகுலுக்கிவிட்டுப் போனதும், ஊரில் இளநீர் மொத்த வியாபாரம் செய்யும் திருவேங்கடத்துக்குப் போன் போட்டான்.

"மச்சான், அடுத்த வாரத்துலேர்ந்து தினம் எண்ணூறு காய் குடு."

"இன்னாடா, வெயில் நேரத்துல வந்து கேக்கற? இப்பவே அட்வான்ஸ் வெச்சாதான் காய்."

"டப்பு இல்ல மச்சான். தோப்புப் பத்திரத்த வெச்சுக்க."

"துர்காவுக்குத் தெரியுமா?"

"ஆர்டர் கையில கீது. ரிசார்ட்டு ஆர்டர். நீ லாரிக்கும் சேத்தே ரேட்டு பேசு."

போனை வைத்துவிட்டு ஜெகதீசன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். கொடுத்த வாடகைக்கு முதுகு முழுசாகப் படுவது இன்றைக்குத்தான். சங்கிலியை மீட்டு, கூடவே ஒரு ஜோடி வளையலும் வாங்கிப் போட்டால் துர்காதேவியின் வாய் அடைத்துப்போகும் என்று கணக்குப் போட்டான்.

ரிசப்ஷன் பெண் ஷாரோன் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, மேல் மாடியில சீட்டு எடுத்திருக்காரே பட்டாபிராமன் சார், அவருக்கு முதல் போடறவங்க இப்ப வராங்களாம், நீங்க மூணு பேரும் ஒரு மணி நேரம் ரிசார்ட் ஸ்டாஃபா வந்து உக்கார முடியுமான்னு கேக்கறாரு, அவங்க பணம் குடுத்தாத்தான் நிலமே வாங்கணுமாம்."