மெயின்சுவிட்ச் அண்ணனும் திறக்க மறுத்த இணையத்தளமும்

பதுளையில் மின்னலைவிட வேகமாக வேலை செய்த ஒரே மனிதர் மெயின்சுவிட்ச் அண்ணன்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய நெட் கடை. நமுனுகுலை மலைப் பக்கம் வானம் லேசாக உறுமினால் போதும், அவர் கை சுவருக்குப் பாயும், கடை இருண்டுவிடும். நாம் பாதி தட்டிய மின்னஞ்சல் அதோடு சரி. ஆசையாக வாங்கிய முதல் கணினி இடி விழுந்து கருகிப்போன நாளிலிருந்து இப்படி.

இடி இல்லாத நாட்களில் வைரஸ். யாருக்கோ வந்த பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு கரடி குதித்து ஆடியதற்காக மெயினை அணைத்தவர் அவர். "ஆடுறதெல்லாம் வைரஸ்தாங்க சேர்" என்று, கச்சேரி எனப்படும் அரசாங்கச் செயலகத்தில் எழுதுவினைஞனாக இருந்த எனக்கே பாடம் எடுத்தார்.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை. பஜாரில் வேறு நெட் கடை திறந்திருக்கவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து செல்வி என்ற பெண் மூச்சிரைக்க வந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்திருக்கிறதாம். ஏற்றுக்கொள்வதாக மாலை நான்கு மணிக்குள் அவர்களுடைய தளத்தில் பதிய வேண்டும். தோழி போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்ததாம். அப்போதே மூன்றரை தாண்டிவிட்டது. இணைய இணைப்புள்ள ஒரே கணினியில் செய்தி படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

தளம் திறக்கவில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு ஓர் எச்சரிக்கைதான் வந்தது: இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை, தொடரவா?

செல்வி 'ஆம்' என்பதை அழுத்தப் போனாள். அண்ணன் மவுஸை அப்படியே தூக்கிவிட்டார்.

"வேணாம் தங்கச்சி! இது கள்ள வெப்சைட்டா இருந்தா ஒன் பாஸ்வேட்ட அள்ளிக்கிட்டுப் போயிருவான்!"

"அண்ணே, டைம் இல்லண்ணே!"

"அவசரத்துலதான் களவு போகும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கடிகாரம் அதற்காக நிற்கவில்லை. மெயினை அணைத்துப் போட்டார். தொலைபேசி லைன் கீச்சிட்டு, இரைந்து, ஒரு யுகம் கழித்து இணைந்தது. அதே எச்சரிக்கை. என்னுடைய மின்னஞ்சல் தளத்தைத் திறந்து பார்த்தோம். அதற்கும் அதே எச்சரிக்கை.

"நேத்து இடிக்குப் பொறகு இப்படித்தாங்க சேர். பெரிய வைரஸ் பூந்துருச்சு" என்று அவர் மறுபடி சுவரை நோக்கித் திரும்பினார்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று திரையின் மூலையைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"அண்ணே, இந்தக் கொம்பியூட்டர்ல நான் இன்னும் பத்தாம் வகுப்பு படிச்சிக்கிட்டு இருக்கேன்!"

குனிந்து பார்த்தோம். அதில் 2002 ஜனவரி முதலாம் திகதி. கரண்ட் இல்லாதபோதும் திகதியை நினைவில் வைத்திருக்க கணினிக்குள் ஒரு சின்னப் பற்றரி உண்டு. அது செத்துப்போயிருந்தது. அதனால் அண்ணன் மெயினை அணைக்கும்போதெல்லாம் கணினி பழைய காலத்துக்கே ஓடிப்போனது. புதிதாகக் கொடுத்த சான்றிதழை, இன்னும் பிறக்காத ஒன்று என்று அது நம்ப மறுத்தது.

திகதியைத் திருத்தினோம். தளம் பணிவாகத் திறந்தது. செல்வி தட்டத் தொடங்கினாள். நான்கு மணிக்குக் கொஞ்சமே இருந்தது.

அப்போதுதான் நமுனுகுலை உறுமியது.

அண்ணனின் கை தானாக எழுந்தது. "ஐயோ அண்ணே!" என்று செல்வி அலறினாள். அவர் முகம் வேர்த்துவிட்டது. ஒரு பக்கம் இடி, ஒரு பக்கம் அந்தப் பிள்ளை. சட்டென்று இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார்.

"சேர், கெட்டியாப் புடிச்சுக்குங்க. விட்டீங்கன்னா நான் அணைச்சுருவேன்."

பிடித்துக்கொண்டேன். அடுத்த இடிக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "முடிஞ்சிச்சா தங்கச்சி? முடிஞ்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கைகள் துள்ளின. நானும் விடவில்லை.

"பதிஞ்சிருச்சு அண்ணே! கிடைச்சிருச்சுன்னு போட்டிருக்கு!"

கையை விட்டேன். அடுத்த கணம் கடை இருட்டு. அந்த இருட்டில் மூன்று பேரும் சிரித்தோம்.

மழையில் குடை பிடித்து லுணுகலை பஸ்வரை செல்வியைக் கொண்டுபோய் விட்டார். "புள்ள படிக்கப் போகுது, பாத்துக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார், ஏதோ அந்த பஸ்ஸே வெளிநாடு போவதைப்போல. செல்வி போனாள், படித்தாள், இன்று நல்ல வேலையில் இருக்கிறாள்.

நானும் கச்சேரியில் எத்தனையோ பெரிய மனிதர்களுக்குக் கை கொடுத்திருக்கிறேன். அந்தக் கைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அன்று என் பிடிக்குள் துடித்த அந்த இரண்டு கைகளின் சூடு மட்டும் இன்னும் இருக்கிறது.