பிளாஸ்டிக் காலில் ஓடிய ரத்தம்

மூடிப்போன தியேட்டருக்கு மறுபடியும் யோகம் அடித்திருந்தது. காலை ஏழு மணிக்கே வரிசை பழைய டிக்கெட் கவுன்ட்டரைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தை விழுங்கி, பல் டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றது. ஊன்றுகோல்காரர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்றே இடுப்பு வலியைச் சம்பாதித்துக்கொண்டவர்கள் என்று எல்லா ரகமும் இருந்தார்கள்.

எல்லாம் பொற்கை ஐயாவுக்காக. அவரிடம் கத்தி கிடையாது, ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. கட்டணம் மட்டும் உண்டு. ஆளை மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார். இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்து, ஒரு கால் குட்டை என்று அறிவிப்பார். யாரைப் பிடித்தாலும் ஒரு கால் குட்டைதான். இரண்டு கால்களும் ஒரே அளவில் உள்ளவர் அந்த ஊரில் ஒருவர்கூடப் பிறக்கவில்லை போலும்! பிறகு கண்ணை மூடி இழுப்பார். குட்டைக் கால் ஒரு விரல்கடை வளரும். பின்னால் பெரிய திரையில் அந்தக் கால் ஆளுயரத்துக்குத் தெரியும். கூட்டம் அழும். இடுப்பு, முட்டி, முதுகு எல்லாம் அதோடு சரியாகிவிடும் என்பது ஐயாவின் வாக்கு. வீட்டுக்குப் போனதும் வலி திரும்பினால் அது நம்பிக்கை போதாதவரின் குற்றம்.

அந்த வரிசையில் தராசுக்காரரும் நின்றார். மார்க்கெட்டில் உள்ள தராசுகளை எல்லாம் பழுது பார்த்து, எடை சரியா என்று சோதித்துக் கொடுப்பவர். ஒரு கிராம் ஏமாற்ற முடியாது அவரை. அப்படிப்பட்டவர் ஏன் அங்கே வந்து நின்றார்? பயம்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் லாரியிலிருந்து எடைமேடை இறக்கும்போது அது அவர் மேலேயே இறங்கியது. வலது காலை முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து செயற்கைக் கால்; கெண்டைக்கால் பக்கம் உள்ள பொத்தானை அழுத்தினால் கழன்று வரும். பேன்ட், காலுறை, ஷூ போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது அதே பக்கத்து இடுப்பும் போய்விட்டது. ஏணி ஏற முடியவில்லை, குனிய முடியவில்லை. படுத்தால் புரள முடியவில்லை.

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார்.

“இடுப்புப் பந்து தேஞ்சே போச்சு. மாத்திடலாம். ஆனா உங்களுக்குக் கொஞ்சம் சிக்கல். ஆபரேஷன்ல பாதத்தைப் பிடிச்சுக் காலைத் திருப்பித்தான் பந்தைக் கிண்ணத்துல உக்கார வைப்போம். உங்களுக்குப் பிடிக்கப் பாதம் இல்ல. எலும்பும் மெலிஞ்சிருக்கு.”

“அப்போ முடியாதா டாக்டர்?”

“முடியும். வேற மாதிரி பிடிச்சுக்கணும், நேரம் ஆகும். இந்த மாதிரி நான் ஒரே ஒருத்தருக்குத்தான் செஞ்சிருக்கேன். அவர் நடக்கிறார். கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பார்.”

உள்ளதை உள்ளபடி சொன்னதுதான் அந்த அம்மாள் செய்த தப்பு. “ஒரே ஒருத்தர்” என்பது மட்டும் தராசுக்காரர் காதில் தங்கிவிட்டது. அவருடைய அக்காவுக்கோ “ஆபரேஷன்” என்ற சொல்லே போதுமாக இருந்தது.

“உன் காலை எடுத்தப்போ வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தது நான்தான்டா. இன்னொரு தடவை என்னால முடியாது. இங்கே கத்தியே இல்லையாம், வா” என்று அவரை இழுத்து வந்திருந்தாள்.

வரிசை நகர நகர அக்கா காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். “கால் விஷயத்தை நீயா வாயைத் திறந்து சொல்லாதே. உள்ளே இருக்கிற எலும்பையே பார்க்கிறவர். அவரே சொல்லிடுவார்.”

“சொல்லலைன்னா?”

“நம்மளைச் சோதிக்கிறார்னு அர்த்தம்.”

வாசலில் சீருடை போட்ட பெண் ஒருத்தி எங்கே வலி என்று கேட்டாள். வலது இடுப்பு என்றார். சீட்டில் எழுதினாள். சீட்டு அவருக்கு முன்னால் உள்ளே போயிற்று. அவர் பின்னால் போனார்.

மேடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பொற்கை ஐயா நெற்றியைச் சுருக்கி, காற்றை முகர்ந்து, “வலது இடுப்பு!” என்றார்.

அரங்கமே ‘ஆ’ என்றது. அக்கா கண்ணைத் துடைத்தாள். சீட்டு போன வழியைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தும் தராசுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவேளை? ஒருவேளை கத்தி இல்லாமலே? பயந்துபோன மனிதனுக்கு விடை தெரிந்திருந்தாலும் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கத்தான் தோன்றும்.

ஐயா முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஷூக்களையும் குதிகாலோடு சேர்த்துத் தூக்கினார். ஷூவைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கைகள். திரையில் வலது கால் குட்டையாகத் தெரிந்தது.

“பாருங்க! இந்தக் குதிகால்ல ரத்தம் தேங்கிக் கிடக்கு. அதுதான் மேலே ஏறி இடுப்பைப் பிடிக்குது.”

அந்தக் குதிகாலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தராசுக்காரருக்குள் எரிந்துகொண்டிருந்த ‘ஒருவேளை’ அந்த நொடியே அணைந்தது. முதலில் துக்கமாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் நன்றாகக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் அவர் பழையபடி தராசுக்காரர் ஆகிவிட்டார். எதிரே இருப்பதை எடை போட ஆரம்பித்தார்.

“ரத்தம் ஓடுதுங்களா ஐயா?” என்று பணிவாகக் கேட்டார்.

“ஓட ஆரம்பிச்சாச்சு. பெருவிரல்ல சூடு தெரியுதா?”

இல்லாத காலில் அவருக்கு எப்போதாவது அரிப்பு எடுப்பது உண்டு. இப்போது அதுகூட இல்லை.

“பெருவிரல் பரவாயில்லைங்க. சுண்டுவிரல்தான் மரத்துப்போன மாதிரி இருக்கு.”

“நானே சொல்ல வந்தேன். சுண்டுவிரல் நரம்பு சுருண்டிருக்கு. இதோ, பிடிச்சுட்டேன்! துடிக்குது பாருங்க!”

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. துடிப்பதை இரண்டு பேர் பார்த்தும் விட்டார்கள்.

“நல்லா இழுங்க ஐயா” என்றார் தராசுக்காரர். சொல்லிவிட்டு, பேன்ட்டுக்கு மேலாகவே கெண்டைக்கால் பக்கம் இருந்த பொத்தானை அழுத்தினார். ‘டக்’.

ஐயா கண்ணை மூடி இழுத்தார். அந்த மேடையில் முதல்முறையாக ஒரு கால் உண்மையிலேயே வளர்ந்தது. ஒரு விரல்கடை, நாலு விரல்கடை, ஒரு சாண். “வளருது! வளருது!” என்று கூட்டம் எழுந்து நின்றது. ஐயாவும் கண்ணைத் திறந்தார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு விளைச்சலை அவர் கண்டதில்லை. பயத்தில் இன்னும் ஓர் இழுப்பு இழுத்தார். கால் முழுசாகப் பேன்ட்டை விட்டு வெளியே வந்தது. ஐயா முக்காலியோடு மல்லாந்தார். திரையில், ஷூ மாட்டிய பிளாஸ்டிக் காலைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடி கிடந்தார்.

எழுந்து நின்ற கூட்டம் அப்படியே உட்கார்ந்தது.

“சுண்டுவிரல் நரம்பை நிமித்தியாச்சுன்னா காலைக் கொடுங்க ஐயா. வீட்டுக்குப் போகணும்” என்றார் தராசுக்காரர்.

பிறகு காலை வாங்கி மாட்டிக்கொண்டு, எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “தட்டுல கட்டைவிரல் வெச்சு எடையை ஏத்துற கடைக்காரங்களை முப்பது வருஷமாப் பார்க்கிறேன். இவரு கட்டைவிரலை ஷூவுல வெச்சிருக்காரு. இடது ஷூவைக் குதிகால்ல இருந்து கொஞ்சம் வெளியே இழுத்தா, வலது கால் குட்டையாத் தெரியும். திரும்ப உள்ளே தள்ளினா வளர்ந்த மாதிரி இருக்கும். சந்தேகமா? ஷூவைக் கழட்டிட்டு வெறுங்காலோட வந்து உக்காருங்க. வளர்த்துக் காட்டட்டும்.”

சற்று முன்புதான் ‘குணமான’ ரொட்டிக்கடை அம்மாள் ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்து வெறுங்கால்களை நீட்டினார். “இழுங்க, பார்ப்போம்.”

“இன்னைக்குச் சக்தி தீர்ந்துபோச்சு” என்றார் ஐயா. திரைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. சக்தி தீர்ந்த மனிதர் அந்தக் கதவை அடைந்த வேகம் யாருக்கும் வாய்க்காது. இடுப்பு நல்ல நிலையில் இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

கூட்டம் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். “பிளாஸ்டிக் காலுக்கே சுண்டுவிரல் துடிக்குதுன்னா, நிஜக் காலுக்கு எவ்வளவு சக்தி ஏறும், யோசிச்சுப் பாருங்க!”

காரில் வீடு திரும்பினார்கள். தம்பி திட்டுவான் என்று அக்கா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

“எனக்கும்தான் ஆசையா இருந்துச்சுக்கா” என்றார்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். “டாக்டரம்மா எப்போ வரச் சொன்னாங்க?”

“செவ்வாய்க்கிழமை.”

“நானும் வரேன். அதே பெஞ்சுல உக்காந்துக்கிறேன்.”

ஆபரேஷன் நடந்த நாலு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். பிடிக்கப் பாதம் இல்லாததால் டாக்டரம்மா தொடை எலும்பில் ஒரு கம்பியைச் செருகி, அதையே பிடியாக வைத்துக் காலைத் திருப்பி, புதுப் பந்தை உட்கார வைத்தார். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. வலித்தது. மிச்சமிருந்த காலின் நுனி வீங்கியதால் பல வாரம் செயற்கைக் காலை மாட்ட முடியவில்லை. பயிற்சி அறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அடியெடுத்து வைத்தார். ஒரு நாள் அழவும் செய்தார். ஐந்தாவது மாதம் மார்க்கெட்டுக்குள் தன் கருவிப் பெட்டியோடு நடந்து வந்தார். டாக்டரம்மா சொன்னபடியே கொஞ்சம் சாய்ந்து நடந்தார்.

பொற்கை ஐயா இப்போது மூன்று மணி நேரத் தூரத்தில் வேறோர் ஊரில், வேறொரு மூடிப்போன தியேட்டரில் இருக்கிறாராம். அங்கேயும் வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போகிறதாம். ஒரே ஒரு மாற்றம். சீட்டு எழுதும் பெண் வலியைக் கேட்பதற்கு முன்னால், “ரெண்டும் சொந்தக் கால்தானே?” என்று தட்டிப் பார்த்துக்கொள்கிறாளாம்.

கெட்டிக்காரர். வருகிறவருக்குக் கால் இருக்கிறதா என்று சோதிக்க அவர் கற்றுக்கொண்டுவிட்டார். வரிசையில் நிற்பவர்கள் தங்கள் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதா என்று எப்போது தட்டிப் பார்க்கப்போகிறார்கள்?