கடைமடை அண்ணனின் வரிசை

மதுரைச் சீமையில் எங்கே வரிசை நின்றாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒருவர்தான். ரேஷன் கடையா, சினிமாக் கொட்டகையா, கல்யாணப் பந்தியா, கடைசி ஆள் அவரே. பின்னால் யாராவது வந்துவிட்டால், "நீங்க முன்னால போங்கண்ணே" என்று ஒதுங்கி மறுபடியும் கடைசிக்குப் போய்விடுவார். இப்படியே பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டுப் பரவையிலிருந்து மதுரை வரை நடந்து வந்திருக்கிறார், மனுஷன்.

எழுபதுகளின் கடைசியில் கோச்சடையில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் பாசன ஆராய்ச்சி ஆபீஸ் இருந்தது. நான் கிளார்க், அவர் ஆராய்ச்சி உதவியாளர். வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்களுக்குக் கடைமடை என்று பேர். பேச்சுக்குப் பேச்சு அதையே சொல்லிக்கொண்டிருந்ததால், அதுவே அவருக்கும் பேராகிவிட்டது.

ஆபீசர் மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது. சாம்பார் வாளிக்குள் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா மாப்ள? அண்டா அண்டாவா வச்சும் கடைமடைக்கு வரல. வாய்க்கால்லயும் இதே கததான்."

"அண்ணே, பொண்ணோட அப்பா பக்கத்துல நிக்கிறாரு, மெதுவா!"

"நிக்கட்டும். ஆபீசருக்கும் தெரியணும்ல!"

வெறும் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் சின்னக்கருப்பு மாதிரியான விவசாயிகள்தான். சின்னக்கருப்புடையது தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அவர் காலத்தில்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாய்த்தது, அதுவும் கடைமடையில். மேலே உள்ள வயல்கள் தளும்பிக் கிடக்க, இவர் பயிர் வெடிப்பில் நின்றது. ஒருநாள் அண்ணனைத் தேடி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"எம்புட்டு நாளைக்குண்ணே வானத்தயே பாக்கறது? இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நிலத்த வித்துட்டுப் போறதுதான்" என்று அழுதார்.

வருஷம் ஒருமுறை ஆபீசில் கூட்டம் போட்டு, எதை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்வார்கள். புது விதை, பம்புசெட், கால்வாய்க்குச் சிமெண்டுப் பூச்சு எல்லாம் முந்திக்கொள்ளும். 'கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏன் போகவில்லை' என்று நம்மாள் எழும்போது வடையும் டீயும் வந்துவிடும். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் ஆபீசர்.

"முதல்லயே எந்திரிச்சுப் பேசித் தொலைங்களேண்ணே!" என்று கத்தியிருக்கிறேன்.

"முன்னால நிக்கிறவனுக்குக் கடைசியில இருக்கிறவன் தவிப்பு எப்படி மாப்ள தெரியும்?"

சின்னக்கருப்பு அழுதுவிட்டுப் போன அந்த வருஷம் மட்டும் விரதத்தை முறித்தார். முதல் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்தார். இந்தப் போகத்திலேயே இதைக் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சாத குறையாகப் பேசினார். ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு, "வரவேற்புரை ஜோரா இருந்துச்சு. இப்ப விஷயத்துக்கு வருவோமா?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் தட்டப்போன கையை மடக்கிக்கொண்டேன்.

அந்தப் பயிர் கதிர் விடாமலே காய்ந்தது. சின்னக்கருப்பு நிலத்தை விற்றுவிட்டு, பேரையூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனார். அண்ணன் கடைசி நாற்காலிக்கே திரும்பினார். அப்புறம் அவர் சாம்பாரைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

சில வருஷங்களில் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். வாய்க்கரிசி போட வரிசை நின்றது. "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஒவ்வொருவராக முன்னால் விட்டுக் கடைசிக்கு வந்தேன். அப்போதுதான், சேதி கேட்டு ஓடிவந்த சின்னக்கருப்பு எனக்குப் பின்னால் நின்றார். எவ்வளவு சொல்லியும் முன்னால் போக மாட்டேன் என்றுவிட்டார்.

என் முறை வந்தபோது தட்டில் கொஞ்சம் அரிசிதான் கிடந்தது. நாலே நாலு மணி எடுத்துக்கொண்டு தட்டைப் பின்னால் சின்னக்கருப்பிடம் நீட்டினேன்.

அரிசியைப் போட்டுவிட்டு, குனிந்து அண்ணன் காதில் சொன்னேன்: "கடைமடைக்கு வந்துருச்சுண்ணே."